கமிஷனர் அறிக்கையில் அளவு இல்லையென்றால்

ஒத்தக்கடை வீட்டைக் காண்டிராக்டர் பாதியில் விட்டுப் போனார், வழக்கில் இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பிய வக்கீல் கமிஷனர் 'சுவரில் விரிசல் உள்ளது' என்று மட்டும் எழுதியிருக்கிறார், மழைக்கு முன் பூசிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது பூசாதீர்கள். அந்த விரிசல்தான் உங்கள் சாட்சி.

முதலில் அறிக்கைக்கு எழுத்தில் ஆட்சேபணை போட உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். வேறு கமிஷனர் கேட்டால் நீதிமன்றம் எளிதில் சம்மதிக்காது. அதைவிட, உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 10ஐக் காட்டி, அதே கமிஷனரைப் பொதுப்பணித் துறைப் பொறியாளர் துணையோடு மறுபடி அனுப்பக் கேளுங்கள். விரிசலின் நீள அகலம், அஸ்திவார ஆழம், கம்பியின் கனம், மீதி வேலைக்கு ஆகும் செலவு என்று பார்க்க வேண்டியதை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டு மெமோவாகக் கமிஷனரிடம் கொடுங்கள். இதெல்லாம் பொறியாளர் கண்ணுக்குத்தான் தெரியும், வக்கீல் கமிஷனர் மட்டும் வந்தால் போதாது. மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் சீராய்வு (அந்த உத்தரவை மறுபடி பரிசீலிக்கும்படி) கேட்கலாம்.

மழை பயம் நியாயம்தான். தார்ப்பாய் கட்டுங்கள். அவசரப் பழுது என்றால் நீதிமன்றத்தில் மனு போட்டு, அனுமதி வாங்கிய பிறகு செய்யுங்கள். அப்புறம், நஷ்டத் தொகையைக் கூட்டுவதாக இருந்தால் சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே வழக்குரையைத் திருத்த மனு போடுங்கள். பிறகு போட்டால், ஏன் முன்பே கேட்கவில்லை என்பதற்கு நல்ல காரணம் காட்ட வேண்டியிருக்கும்.