ஊராட்சி வார்டு உறுப்பினராக ஜெயித்தால் யார் வேலை கற்றுத் தருவார்கள்?

உங்கள் அம்மா வார்டு உறுப்பினருக்கு நிற்க ஆசைப்படுகிறார், ஜெயித்துவிட்டால் வேலை தெரியாமல் தடுமாறுவாரோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு கிராம ஊராட்சியில் ஐந்து வருடம் வார்டு உறுப்பினராக இருந்தவள். தைரியமாக நிற்கச் சொல்லுங்கள்.

அரசுப் பயிற்சி உண்டு. மறைமலைநகரில் உள்ள மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனம் இதைக் கவனிக்கிறது. எங்களுக்கு ஒன்றிய அலுவலகத்திலேயே வகுப்பு வைத்தார்கள். சட்டம், கூட்டம் நடத்தும் முறை, திட்டங்கள் எல்லாம் சொல்வார்கள், கட்டாயம் போகட்டும். ஆனால் தலைவர்களுக்குக் கிடைக்கும் கவனம் உறுப்பினர்களுக்குக் கிடைப்பதில்லை. கேரளத்தில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்குப் பயிற்சி தருவதற்கென்றே திருச்சூர் பக்கத்தில் கிலா நிறுவனம் இயங்குகிறது. அந்த அக்கறை இங்கேயும் கடைசி வார்டு உறுப்பினர்வரை வர வேண்டும்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது கணக்கு. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்தால் வருடத் திட்டம், வந்த பணம், செலவான பணம் எல்லாம் செல்போனிலேயே தெரியும். கூட்டத்துக்கு முந்தின நாள் அதைப் பார்த்துவிட்டுப் போகட்டும். உதாரணத்துக்கு, மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிக்கு மானியம் வரும்; 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே என்று ஒதுக்கியிருந்தார்கள். மீதி 40 சதவீதத்தில், சம்பளம் போன்ற நிர்வாகச் செலவு தவிர, ஊருக்கு வேண்டியதைச் செய்யலாம். தெருவிளக்கு கேட்டு "நிதி இல்லை" என்று பதில் வரும்போது, அந்த 40-ல் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் பேச்சே மாறிவிடும். இந்தப் பங்கீடு நிதிக்குழுவுக்கு நிதிக்குழு மாறும் என்பதால், நடப்பு அரசாணையின் நகலை ஊராட்சி செயலரிடம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அப்புறம், துணைத்தலைவர் தேர்தலைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். சட்டப்படி ஊராட்சிக் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். அவரை உறுப்பினர்கள் தங்களுக்குள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சொந்தக்காரர், சாதிக்காரர் என்று பார்க்காமல் கணக்குக் கேட்கத் துணிந்தவருக்கு ஓட்டுப் போடட்டும். தீர்மானப் புத்தகத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடவே கூடாது. எழுதாத பக்கத்தில் "சும்மா போடுங்கம்மா" என்று கேட்பார்கள்.

2016 சட்டத்திருத்தத்தால் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு வந்துவிட்டது. ஆனால் நாற்காலியில் கணவரோ மகனோ உட்காருவது இன்னும் போகவில்லை. கூட்டத்துக்கு அம்மா மட்டும் போகட்டும். நீங்கள் உதவ நினைத்தால் வீட்டில் உட்கார்ந்து கணக்கைப் படித்துக்காட்டுங்கள், அது போதும். பக்கத்து ஊராட்சிப் பெண் உறுப்பினர்களின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அதிகாரிகளிடம் கேட்கத் தயங்கியதை எல்லாம் நான் அவர்களிடம்தான் கேட்டேன்.

தேர்தல்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு கிராம சபை உண்டு. அடுத்ததற்கு அம்மாவை அனுப்புங்கள். அங்கே வரவு செலவு வாசிப்பார்கள், புரியாத தலைப்புகளைக் குறித்துக்கொண்டு அங்கேயே எழுந்து கேட்கலாம். வாக்காளராக அதற்கு அவருக்கு இப்போதே உரிமை இருக்கிறது.