கணினி கேள்வி-பதில்: ஓயாத அப்டேட் அறிவிப்புகள்

கேள்வி: ஒரு சிற்றூரில் பத்து ஆண்டுகளாகக் கணினி மையம் நடத்தி வருகிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், தேர்வு விண்ணப்பம் என்று நாள் முழுவதும் இணையத்தில்தான் வேலை. ‘அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யவும்’ என்ற அறிவிப்பு திரையின் மூலையில் வந்துகொண்டே இருக்கிறது. தள்ளிவைத்தால் மறுநாள் திரும்ப வந்து நிற்கிறது. சென்ற மாதம், விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, ஒரு பெண்ணுக்காகக் கட்டணப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தபோது கணினி தானாகவே அணைந்து அப்டேட் வேலையைத் தொடங்கிவிட்டது. முக்கால் மணி நேரம் அவர் என் எதிரில் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். இவற்றை அடியோடு நிறுத்திவிடலாமா?
– தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: அந்தப் பெண்ணின் விண்ணப்பம் அன்றைக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் மனம் நினைத்தது. எந்த இயங்குதளம் என்று நீங்கள் எழுதவில்லை. நம் ஊர் மையங்களில் பெரும்பாலும் இருப்பது விண்டோஸ் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன்.

அடியோடு நிறுத்த வேண்டாம். அது எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதை மட்டும் உங்கள் கைக்குக் கொண்டுவாருங்கள்.

நிறுத்த வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டது. இரண்டு மாதம்கூட முழுதாகக் கழியவில்லை. மே 12 அன்று அதே ஓட்டையின் வழியாக ‘வான்னாக்ரை’ என்ற நச்சு நிரல் பரவி, கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் மட்டும் ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்ற மதிப்பீட்டை அந்நாட்டின் தணிக்கை அலுவலக அறிக்கை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட கணினிகளில் பெரும்பாலானவை, மார்ச்சில் வந்த அப்டேட்டை அதுவரை போட்டுக்கொள்ளாதவை. ஓர் ஓட்டையை அடைக்கும் நிரல் வெளிவந்ததுமே, பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடும் திறமை தாக்குபவர்களுக்கு உண்டு. அதனால் வெளியான நாளிலிருந்து அடைக்காத கணினிக்கு ஆபத்து கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. பிறருடைய ஆதார் எண்ணும் வங்கி விவரமும் தினமும் கடந்து போகும் உங்கள் கணினிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இனி நேரத்துக்கு வருகிறேன். விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட்கள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியாகின்றன. நமக்கு அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணி. ஆகவே மறுநாள் புதன்கிழமை காலையில் கடையைத் திறந்து கணினியை இயக்கும்போது அது பின்னணியில் இறங்கத் தொடங்கும். அறிவிப்பும் அதைத் தொடர்ந்தே வரும். இந்த ஒரு நாளை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, அன்றிரவோ அடுத்த ஓரிரு நாளிலோ கடை மூடும்போது ‘அப்டேட் அண்டு ஷட் டவுன்’ என்பதைக் கொடுத்துவிட்டால், அந்த மாதம் முழுவதும் பெரும்பாலும் தொல்லை இராது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குள் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்ற இடத்தில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ இருக்கிறது. இதில் அதிகபட்சம் 18 மணி நேரம் வரை குறிக்கலாம். கடை திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்பிருந்து, மூடும் நேரத்துக்கு ஒரு மணி பின்பு வரை கொடுங்கள். அந்த இடைவெளிக்குள் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆவதைத் தவிர்க்கும். தேர்வு விண்ணப்பக் காலம் என்றால் ‘பாஸ் அப்டேட்ஸ்’ (Pause updates) மூலம் ஐந்து வாரம் வரை தள்ளிவைக்கலாம். அந்தக் கெடு முடிந்ததும் காத்திருக்கும் அப்டேட்களை நிறுவிய பிறகுதான் மறுபடி தள்ளிவைக்க முடியும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: அப்டேட் அறிவிப்பின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் நாம் சம்மதித்ததாக எடுத்துக்கொள்ளும் என்று என் மகன் சொல்கிறான். அப்படியும் நடக்குமா?
– மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை

பதில்: நடந்திருக்கிறது, அம்மா. உங்கள் மகன் சொல்வது 2016ஆம் ஆண்டின் கதை.

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29 அன்று. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் அதற்கு இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். அந்த அழைப்பைத் திரைக்குக் கொண்டுவந்தது கேபி3035583 என்ற எண்ணுள்ள ஒரு நிரல். பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற அதே அப்டேட் வழியாகவே அதுவும் வந்து இறங்கியது. திரையின் கீழ்மூலையில் வெள்ளை நிறச் சின்னமாக உட்கார்ந்துகொண்டது. 2016 ஏப்ரலில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத் தொலைக்காட்சி ஒன்றில் வானிலை அறிக்கை நேரலையில் போய்க்கொண்டிருந்தபோது, மழை வரைபடத்தின் மேலேயே இந்த அழைப்பு வந்து நின்றது. பிறகுதான் நீங்கள் கேட்கும் விஷயம் நடந்தது. ‘உங்கள் கணினி இன்ன நாளில் மாற்றப்படும்’ என்று நாள் குறித்த ஒரு பெட்டி வந்தது. அதைப் பெருக்கல் குறியால் மூடினால், வேண்டாம் என்று பொருள்படாமல், குறித்த நாளை ஏற்றுக்கொண்டதாகவே பொருள்பட்டது.

கணினித் திரைகளில் பல்லாண்டுகளாகப் பெருக்கல் குறி என்றால் ‘மூடு, வேண்டாம்’ என்றுதான் நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம், பிறருக்கும் கற்றுக்கொடுத்தோம். அந்தக் குறியின் பொருளையே மாற்றியது பெரிய தவறு என்று நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எதிர்ப்பு வலுத்தபின் 2016 ஜூன் இறுதியில், மூடினால் மூடுவதாகவே பொருள் என்று மாற்றுவதாக அறிவித்தார்கள். மறுப்பதற்குத் தெளிவான ஒரு வழியும் தந்தார்கள். தான் அனுமதிக்காத மாற்றத்தால் அலுவலகக் கணினி பழுதானது என்று வழக்குத் தொடுத்த கலிபோர்னியப் பயண முகவர் ஒருவருக்கு 10,000 டாலர் கிடைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரோசாஃப்டின் சந்தைப்படுத்தல் தலைவராக இருந்த கிறிஸ் கப்பொசெலாவே, அந்தச் சில வாரங்களில் அளவு மீறிவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார்.

ஓட்டையை அடைக்கும் அறிவிப்பும், ‘புதியதுக்கு மாறுங்கள்’ என்ற விற்பனை அழைப்பும் ஒரே வாசலில், ஒரே உடையில் வந்து நிற்கும்போது, மக்கள் இரண்டையும் சேர்த்தே விரட்டப் பழகிவிடுகிறார்கள். வான்னாக்ரையின்போது அப்டேட் போடாமலிருந்த எல்லாரும் சோம்பேறிகள் அல்லர் என்று நான் சொல்வது இதனால்தான். நீங்கள் செய்ய வேண்டியது, அறிவிப்பின் தலைப்பை ஒருமுறை முழுதாகப் படிப்பது. ‘செக்யூரிட்டி அப்டேட்’ என்றோ, முந்தைய திருத்தங்களையும் சேர்த்துத் தரும் ‘கியூமுலேட்டிவ் அப்டேட்’ என்றோ இருந்தால் ஒரு வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். புதிய பதிப்புக்கு மாறச் சொன்னால் அவசரமே இல்லை. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு சிலருடைய ஆவணங்களை அழித்துவிட்டதால், சில நாள்களிலேயே அதை நிறுத்தி, சரிசெய்து நவம்பரில்தான் மீண்டும் வெளியிட்டார்கள். மாதக்கணக்கில் பொறுத்திருந்தவர்களுக்கு அன்று ஒன்றும் போகவில்லை.

கேள்வி: கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில்தான் மடிக்கணினியை இணைக்கிறேன். அப்டேட் இறங்கினால் அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிடுகிறது. வழி உண்டா?
– திருவண்ணாமலை மாணவர்

பதில்: உண்டு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பெயரைத் தொட்டு, ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்பதை இயக்கி வையுங்கள். அதன்பின் பெரும்பாலான அப்டேட்கள் தாமாக இறங்கா. மாதம் ஒருமுறை கல்லூரியிலோ நண்பர் வீட்டிலோ வைஃபை கிடைக்கும்போது நீங்களாகவே இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தங்கையின் பழைய மடிக்கணினியில் விண்டோஸ் 10 இருக்கிறது. ஆதரவு முடிந்துவிட்டது என்றும், இந்தக் கணினி விண்டோஸ் 11க்குத் தகுதியில்லை என்றும் அறிவிப்பு வருகிறது. கணினி நன்றாகவே ஓடுகிறது. புதிது வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– விருத்தாசலம் வாசகர்

பதில்: உடனே வாங்க வேண்டியதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் தேவை. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் பழையவை இந்த வரம்புக்குள் வரா. நல்ல நிலையில் உள்ள கணினிகள் ஒரு சில்லின் பெயரால் மூலைக்குப் போவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் பெறும் நீட்டிப்புத் திட்டம் இருக்கிறது. கணினியில் விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே ‘என்ரோல்’ என்ற இணைப்பு தெரியும். அமைப்புகளை இணையத்தில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை; இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான தொகை. அதன் பிறகும் இதே கணினியில் வங்கி வேலை பார்ப்பதானால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறுவதே நல்லது. அதன் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) பதிப்பு 4 ஜிபி நினைவகத்தில் ஓடக்கூடியது. அதை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா, தங்கைக்குப் பழகிய தமிழ்த் தட்டச்சு முறை வருகிறதா என்று ஒரு மாலை முழுவதும் சோதித்துப் பாருங்கள். நிறுவுவதென்று முடிவு செய்தால், சான்றிதழ்களையும் படங்களையும் முதலில் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த வட்டைக் கழற்றி வைத்த பிறகே தொடங்குங்கள்.