என் சருமம் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சரும வகை என்பது பெரும்பாலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் எவ்வளவு சுரக்கின்றன என்பதுதான். அந்த எண்ணெயும் தோலின் மேலடுக்கில் உள்ள கொழுப்பும் சேர்ந்து தண்ணீர்ப் பானைக்கு மூடி மாதிரி. மூடி விலகினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடும், அதுதான் வறட்சி.

மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவி, ஒரு மணி நேரம் எதுவும் பூசாமல் விடுங்கள். அப்புறம் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளை முகத்தில் ஒற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய்த் திட்டு தெரிந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, மோவாயில் மட்டும் என்றால் கலவைச் சருமம். அங்கே சுரப்பிகள் அதிகம். தாளில் ஒன்றுமில்லை, கன்னம் இழுக்கிறது என்றால் வறண்டது.

எண்ணெய்ச் சருமத்துக்கு ஜெல் வகை மாய்ஸ்சரைசர் (ஈரம் காக்கும் பூச்சு) போதும். வறண்டதற்கு கிளிசரின் (ஈரத்தைப் பிடித்து வைப்பது), செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள கொழுப்பு) உள்ள கெட்டியான கிரீமை முகம் ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். எதைப் பூசினாலும் எரிகிறது, சிவக்கிறது என்றால் வாசனை சேர்க்காததாக வாங்குங்கள். வாங்கியதை முதலில் முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பாருங்கள், தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு, பளபளக்கும் முகத்திலும் ஈரம் குறையலாம்.