காரை விடுங்கள், வளையல் எங்கே?

கேள்வி: நாகப்பட்டினத்தில் தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கராக இருக்கிறேன், வயது 48, கைக்கு வரும் சம்பளம் 46,000. வீட்டுச் செலவு, மகள் காலேஜ் எல்லாம் போக மாதம் ஏழெட்டாயிரம் மிஞ்சும். 2011 ஸ்விஃப்ட் பெட்ரோல் எல்.எக்ஸ்.ஐ. வைத்திருக்கிறேன். 2026 மே மாதம் 15 வருடம் முடிகிறது. நான்கு வருடத்தில் ரிப்பேருக்கே ஒன்றரை லட்சம் ஆகிவிட்டது, இந்த வருடம் மட்டும் 61,000. 15 வருடம் ஆனால் வண்டியை ஓட்டவே விடமாட்டார்கள் என்கிறார் மச்சான். ஷோரூமில் புதுக் கார் ஆன்ரோடு 8.3 லட்சம். பழையதற்கு எக்ஸ்சேஞ்ச் 95,000 தருகிறார்கள். தீபாவளி போனஸ் 35,000 இருக்கிறது. மீதி 7 லட்சத்துக்கு ஏழு வருட லோன். ஜிஎஸ்டி குறைந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள் என்று தினமும் போன் செய்கிறார்கள். எடுக்கலாமா? (ரிப்பேருக்காக வைத்த நகைக் கடன் 1,80,000 இருக்கிறது. அதை வருடா வருடம் திருப்பி வைத்துக்கொள்கிறேன், அது பிரச்சினை இல்லை.)

பதில்: கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்ட அந்தக் கடைசி வரிதான்.

பின்னிணைப்பாக அனுப்பிய நகைக் கடன் ரசீதுகளைப் பார்த்தேன். 2022 ஆவணியில் நான்கு பவுனில் இரண்டு வளையல், 45,000 ரூபாய். அடுத்த ஆவணியில் அதே வளையல்கள், 80,000. அதற்கடுத்து 1,25,000. இந்த ஆவணியில் 1,80,000. வட்டி 11 சதவீதம். 2022-ல் பவுன் 40,000-க்கும் கீழே இருந்தது, 2025 கார்த்திகையில் 90,000-ஐத் தாண்டிவிட்டது. அதனால் ஒவ்வொரு முறை திருப்பி வைக்கும்போதும் பழைய கடனும் வட்டியும் கழிந்து, கையில் கொஞ்சம் பணம் வருகிறது. வட்டி கட்டிய மாதிரியே தெரியாது. கவுன்ட்டரை விட்டு வரும்போது பாக்கெட் கனமாகத்தான் இருக்கும்.

கணக்கைப் போடுவோம். முதல் மூன்று வருட வட்டி 4,950, 8,800, 13,750. மொத்தம் 27,500. இதில் ஒரு ரூபாய்கூட உங்கள் சம்பளத்திலிருந்து போகவில்லை, எல்லாம் புதுக் கடனுக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கிறது. கையில் பணமாக வந்தது 1,52,500, அடைக்க வேண்டியது 1,80,000. இந்த வருட வட்டி மட்டும் 19,800. ஒரு செட் டயர் காசு அது. தங்கம் விலை ஏறியதால் வந்த லாபத்தை கிளட்ச் பிளேட்டிலும் ஏசி கம்ப்ரஸரிலும் கரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்கு எழுதுவதே தொழிலாக இருப்பவர் இப்படிச் செய்யலாமா?

இந்தப் பழக்கம் இருக்கும்வரை எந்த வண்டி வைத்திருந்தாலும் ஒன்றுதான். புதுக் கார் வந்தால் இஎம்ஐ இடிக்கிற மாதம் மறுபடி வளையல்தான் போகும். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், கார் கணக்கையும் பார்த்துவிடலாம்.

மச்சான் சொல்வது டெல்லிக் கதை. அங்கே டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 வருடம் என்று கோர்ட், தீர்ப்பாயம் என நீண்ட வழக்கு ஓடியது. தமிழ்நாட்டில் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி, ஆர்.சி.யை (பதிவுச் சான்று) ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். கட்டணம் 5,000. பசுமை வரி தனி. டிங்கரிங், பெயின்ட் 25,000 ஆகும் என்று உங்கள் மெக்கானிக் சொன்னதையும் சேர்த்தால் 35,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 7,000.

ரிப்பேர் வருடம் சராசரி 38,000. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஜிஎஸ்டி சேர்த்து சுமார் 4,000. உங்கள் சொந்த ஓட்டம் மாதம் 350 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 கிடைத்தால் பெட்ரோல் வருடத்துக்கு 30,000. ஆக மொத்தம் 79,000.

புதுக் காருக்கு 9.5 சதவீதத்தில் இஎம்ஐ 11,450 வரும், வருடத்துக்கு 1,37,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் 25,000. மைலேஜ் கூடும் என்பதால் பெட்ரோல் 23,000. மொத்தம் 1,85,000. வித்தியாசம் லட்சத்துக்கு மேல். ஏழு வருடம் கழித்து அந்தக் கார் இரண்டரை லட்சமாவது போகும் என்று நியாயமாகக் கழித்தாலும், வருடத்துக்கு 70,000 கூடுதல். மாதம் எட்டாயிரம் மிஞ்சுகிற வீட்டில் பதினோராயிரம் இஎம்ஐ எங்கிருந்து வரும் என்று ஷோரூம்காரர் கேட்கமாட்டார், நான் கேட்கிறேன்.

அவர் வேறொன்று காட்டியிருக்கிறார், பலூன் இஎம்ஐ. மாதம் 9,700 கட்டினால் போதும், கடைசியில் 2.1 லட்சம் மொத்தமாகக் கொடுத்தால் சரி. மொத்தம் கூட்டிப் பார்த்தால் சாதாரண லோனைவிட 60,000 அதிகம். அந்த 2.1 லட்சத்துக்கு அன்றைக்கு எதை வைப்பீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனது 2025 செப்டம்பர் 22-ல். அது வரிவிகிதம், ஆடித் தள்ளுபடி அல்ல. வாரக் கடைசியில் முடிந்துபோகாது.

அப்புறம் மச்சான். இந்த வருட 61,000-ல் கிளட்ச் செட்டும் லோயர் ஆர்மும் சேர்ந்து 26,000. இரண்டும் அவர் குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வந்த பிறகு வந்த செலவு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போதே கருகல் வாடை வந்ததாம், ஆனாலும் ஏற்றிவிட்டாராம். போகவர ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வாடகைக் கார் பேசியிருந்தால் 10,000 ரூபாய், டிரைவர் பேட்டா தனி. அவருக்கு மிச்சமானது பத்தாயிரம், உங்களுக்குப் போனது இருபத்தாறாயிரம். "இந்த ஓட்டை வண்டியை மாற்றக் கூடாதா" என்று கேட்பவரும் அவரேதான்! உறவு கெடாமல் மறுக்க வழி இருக்கிறது. உங்கள் பாலிசி மூன்றாம் நபருக்கு மட்டும். அவர் ஓட்டி எங்காவது இடித்தால் வண்டிக்குப் பத்துப் பைசா வராது, வழக்கு என்றால் உரிமையாளர் பெயரும் சேர்ந்துதான் வரும். இதைச் சொல்லுங்கள். ஆர்.சி. முடிகிற வண்டியைப் பொதுவாகவே யாரும் தூரத்துக்குக் கொடுப்பதில்லை என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வளையல். உங்கள் கடிதத்தில் மனைவி ஒரு இடத்திலும் வரவில்லை. வளையல் அவருடையது, அவரைக் கேட்டு முடிவெடுங்கள். என் யோசனை இது: இரண்டில் ஒன்றை விற்றுவிடுங்கள். சேதாரம் கழித்தாலும் 2025 கார்த்திகை விலையில் இரண்டு பவுனுக்கு 1,70,000 பக்கம் கிடைக்கும். போனஸ் 35,000-லிருந்து எடுத்து மீதி அசலையும் இதுவரை ஓடிய வட்டியையும் கட்டிவிட்டால் கடன் தீர்ந்தது, இன்னொரு வளையல் கைக்கே வந்துவிடும். விற்க மனசு வராது என்றால் சரி, போனஸ் முழுவதையும் அசலில் கட்டி, மாதம் 5,000 வீதம் அடைத்து வாருங்கள். மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். அதுவரை திருப்பி வைக்கும்போது ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்கக் கூடாது, அடகு விலை எவ்வளவு ஏறினாலும்.

விற்றால் இன்னொரு வசதி. மிஞ்சுகிற எட்டாயிரத்தில் 4,000 வண்டிக்கென்று தனி ஆர்.டி. போடலாம். வருடம் 48,000. ரிப்பேரும் ஆர்.சி.யும் அதற்குள் அடங்கும்.

புதுக் காருக்கு ஒரே ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதை நீங்கள் எழுதவே இல்லை. உங்கள் வண்டியில் ஏர்பேக்கும் கிடையாது, ஏ.பி.எஸ்.ஸும் கிடையாது. இரவில் ஈ.சி.ஆர்.ரில் அடிக்கடி ஓட்டுபவராக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஊருக்குள் கோயில், ஆஸ்பத்திரி என்று போவதற்கு இப்போதைக்கு ஓடட்டும். கடன் தீர்ந்த பிறகு நாலைந்து வருடம் ஓடிய, ஏர்பேக் உள்ள பழைய காராகப் பாருங்கள். அப்போதும் எட்டு லட்சத்துக்குப் போக வேண்டாம்.

இந்த வண்டியையும் எந்த நிலையிலும் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. உங்களுடையது உப்புக்காற்று ஊர். லிஃப்ட்டில் தூக்கச் சொல்லி, கால்வைக்கும் இடத்து விரிப்பை எடுத்துவிட்டு, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் நல்லது, முனை உள்ளே இறங்கினால் டிங்கரிங்குக்குக் காசு கொடுக்காமல் விற்றுவிடுங்கள். எப்போதாவது ஒரே எஸ்டிமேட் 45,000-ஐத் தாண்டினாலும், அதாவது வண்டி விலையில் பாதி, அதே முடிவுதான். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதனால் பெட்ரோல் ஹோஸ்களையும் அன்றே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்பிருந்து ஃபார்ம் 25 போடலாம், தாமதித்தால் மாதத்துக்கு 500 அபராதம். பெயின்ட் வேலையை இந்தக் கார்த்திகை மழையில் கொடுத்துவிடாதீர்கள். தை பிறந்து நல்ல வெயில் வரட்டும்.