நாற்பது குஞ்சுகள், ஒரு லேஸ்விங்கும் இல்லை

கேள்வி: சின்னமன் (கறுப்புக் கோடுகள் பழுப்பாக இருக்கும்) ஆண் பட்ஜி கிளியையும் லூட்டினோ (மஞ்சள் உடல், சிவப்புக் கண்) பெட்டையையும் ஜோடி சேர்த்தேன். பிறந்த ஆண் குஞ்சுகள் எல்லாம் சாதாரணப் பச்சை. அவற்றில் ஒன்றைப் பச்சைப் பெட்டையோடு விட்டு, இரண்டு வருடத்தில் 40 குஞ்சுகள் எடுத்துவிட்டேன். பெட்டைகளில் சின்னமன் வருகிறது, லூட்டினோ வருகிறது. இரண்டும் சேர்ந்த லேஸ்விங் மட்டும் வரவேயில்லை. பறவைகளை விற்றவர் என்னை ஏமாற்றிவிட்டாரா?
வாசகர், பட்டர்வொர்த்

பதில்: விற்றவர்மேல் சந்தேகம் வேண்டாம், ஐயா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அவர் கொடுத்த பறவைகள் சரியானவைதான். ஆயர் ஈத்தாமில் என் வீட்டுப் பின்கட்டிலும் இதே ஜோடியை வைத்து மூன்று வருடம் காத்திருந்தேன். கிடைக்கவில்லை.

சின்னமன், லூட்டினோ இரண்டுக்குமான மரபணுக்கள் ஆண், பெண்ணைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில்தான் இருக்கின்றன, அதுவும் மிகப் பக்கத்தில். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒன்றுதான். அதனால் ஆணிடம் ஓர் இசட்டில் மட்டும் இருப்பது வெளியில் தெரியாது, பெட்டையிடம் தெரிந்துவிடும். உங்கள் பச்சை ஆணிடம் ஓர் இசட்டில் சின்னமன் இருக்கிறது, இன்னொன்றில் லூட்டினோ. லேஸ்விங் வேண்டுமென்றால் இரண்டும் ஒரே இசட்டுக்கு வந்தாக வேண்டும்.

அது எப்படி நடக்கும்? விந்தணு உருவாகும்போது இரண்டு இசட்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, துண்டுகளை மாற்றிக்கொள்ளும். இதைத்தான் குறுக்கேற்றம் என்கிறோம். லிட்டில் இந்தியா பூக்கடையில் சரத்தை வெட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து கட்டிய இரண்டு பூக்களுக்கு நடுவில் கத்தரி விழுவது அபூர்வம். ஒரு முழம் தள்ளி இருந்தால் சுலபமாக விழும். 1913இல் அமெரிக்க மரபியலாளர் ஸ்டர்ட்டிவன்ட் பழ ஈக்களின் மரபணு வரைபடத்தைப் போட்டது இந்தக் கணக்கை வைத்துத்தான். எத்தனை முறை பிரிகின்றன என்று எண்ணியே எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. இன்றைக்கும் எனக்கு அது வியப்புதான்.

சின்னமனுக்கும் லூட்டினோவுக்கும் நடுவில் கத்தரி விழுவது 100க்கு ஏறக்குறைய 3 முறை. அதிலும் பாதியில்தான் இரண்டும் ஒன்றுசேரும். மற்ற பாதியில் இரண்டுமே இருக்காது. சேர்ந்தது பெட்டைக் குஞ்சுக்குப் போனால்தான் கண்ணுக்குத் தெரியும். எல்லாம் கழித்தால் ஏறக்குறைய 130 குஞ்சுக்கு ஒன்று. 40 குஞ்சுகளில் ஒன்றுகூட வராமல் போவதற்குத்தான் நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. எங்கேயாவது ஒரு லேஸ்விங் பெட்டையை வாங்கிப் பச்சை ஆணோடு விடுங்கள். பெட்டைக்கு ஒரே இசட் என்பதால் வெட்டுக்கு இடமில்லை. இரண்டு மரபணுவும் அப்படியே மகன்களுக்குப் போகும். அந்த மகன்களும் பார்வைக்கு உங்கள் ஆணைப் போலவே பச்சைதான், அதே இரண்டு மரபணுதான். ஆனால் இரண்டும் ஒரே இசட்டில் இருப்பதால், அந்த மகன்களுக்குப் பிறக்கும் மகள்களில் 100க்கு 48 பேராவது லேஸ்விங்காக இருப்பார்கள். என்ன இருக்கிறது என்பதைவிட எது எதோடு இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

அப்புறம் ஒன்று. ஒரே லூட்டினோவிலிருந்து பெருக்கிய கூட்டத்தில் நிறம் மட்டும் பரவாது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் மரபணுக்களும் ஒட்டிக்கொண்டு வரும். கெடுதலானது இருந்தால் அதுவும் வரும். தயவுசெய்து அப்பனையும் மகளையும் ஜோடி சேர்க்காதீர்கள். வெளியிலிருந்து பறவை வாங்க 100 வெள்ளி செலவானாலும் பரவாயில்லை.

குறிப்பேடு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அந்த 40 குஞ்சுகளில் சாதாரணப் பச்சைப் பெட்டை ஏதாவது வந்ததா என்று பாருங்கள். வந்திருந்தால், உங்கள் கூண்டிலும் கத்தரி ஒருமுறை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. அந்தப் பெட்டைக்கு இரண்டுமே இல்லாத பாதி கிடைத்திருக்கிறது.