பழைய கியூவில் என்ன மரம்? கேள்வி பதில்

ஓட்டேரியில் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். பில்லியர்ட்ஸ், ஸ்நூக்கர் ஆட்டங்களில் பந்தை அடிக்கும் கம்பான கியூவைச் சரிசெய்யக் கொண்டு வருபவர்கள் எல்லோரும் மரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, தாத்தா ரயில்வேயில் இருந்தபோது ஆடிய கியூ. பிடிக்கும் பக்கம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. கருங்காலிதானே? (பெரம்பூர்)

நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள் தம்பி. கறுப்புச் சாயம் ஏற்றிய சாதா மரமும் பாலிஷுக்கு அடியில் அப்படித்தான் தெரியும். மரம் தன்னைக் காட்டுவது வெட்டுமுகத்தில்தான். கியூவின் அடியில் ரப்பர் இருந்தால் கழற்றுங்கள். புது பிளேடால் ஒரு மிளகு அளவுக்கு மெல்லச் சீவி, ஈர விரலால் தடவி, நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்.

உள்ளே வெளிறிப் போயிருந்தால் சாயம். உள்ளேயும் கறுப்பு, துளைகள் லென்ஸில்கூடச் சிரமப்பட்டுத்தான் தெரிகின்றன என்றால் கருங்காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊதா கலந்த பழுப்பு, நடுவில் கறுப்பு வரி, வெறும் கண்ணுக்கே அங்கங்கே துளைகள், சீவும்போது இனிப்பான வாசனை என்றால் ஈட்டி, அதாவது தோதகத்தி.

தண்ணீரில் மூழ்கினால் கருங்காலி என்கிறார்களே, போட்டுப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். இணைப்புப் பசை விட்டுவிடும், கம்பும் வளையும். கருங்காலி மூழ்கும் என்பது உண்மைதான். ஆனால் எடை கூட்டுவதற்காகப் பல கியூக்களின் அடியில் இரும்போ ஈயமோ வைத்திருப்பார்கள். கையில் கனமாக இருப்பதாலேயே வைரம் பாய்ந்த மரம் என்று நம்பிவிடக் கூடாது. ஸ்நூக்கர் கியூ எதுவானாலும் அரைக் கிலோவை ஒட்டித்தான் இருக்கும்.

முன்பக்கக் கம்பு வெளிர் நிறம். அது என்ன?

அம்புமுனை அம்புமுனையாக ரேகை ஓடினால் ஆஷ் என்னும் வெளிநாட்டு மரம். அதன் துளைகளில், கியூ நுனியில் தடவும் சாக் தூள் ஏறி, கோடு கோடாகத் தெரியும். ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தால் மேப்பிள், அதுவும் வெளிநாட்டு மரம்தான். அமெரிக்கர்கள் ஆடும் பூல் ஆட்டத்தின் கியூக்களில் பெரும்பாலும் இதுதான்.

மூர் மார்க்கெட்டில் ஒன்று வாங்கினேன். அடிப்பாகம் சிவப்பு. செம்மரம் என்று விற்றார்கள் ஐயா. (ராயபுரம்)

செம்மரம் என்ற பேரே விலையை ஏற்றும் என்பதால் சொல்லியிருப்பார்கள் அம்மா. சர்க்கரைக்காக வேங்கை மரக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைப்பார்களே, அந்தத் தண்ணீர் வெயிலில் நீலம் தட்டும். அதையே செய்து பாருங்கள். கொஞ்சம் சீவலைக் கண்ணாடி டம்ளரில் ஊறப்போட்டு, மறுநாள் காலை வெயிலில் கறுப்புத் துணிக்கு முன்னால் பிடியுங்கள். நீலச் சாயல் வந்தால் வேங்கையோ, அதன் உறவான அந்தமான் படாக்கோ இருக்கலாம். செம்மரமும் இதே குடும்பம்தான். இந்தக் குடும்பத்துக்குள் எது என்று பிரிப்பது டம்ளர் வேலை இல்லை. பெங்களூரு மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வார்கள்.

உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

மரம் இன்னதென்று தெரியும்வரை தொடாதீர்கள். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். முகக்கவசம் இல்லாமல் தேய்க்கவே கூடாது.

அண்ணா, நீங்கள் சொன்னபடி சீவினேன். உள்ளே வெளிறித்தான் இருக்கிறது. அப்படியென்றால் தாத்தா கியூ மட்டமானதா? (பெரம்பூர்)

அப்படிச் சொல்ல மாட்டேன் தம்பி. கறுப்பு அடிப்பாகமும் வெளிர் நிற முன்கம்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். முனைகள் எல்லாம் ஊசி மாதிரி கூராக, ஒரே உயரத்தில் இருந்தால் இயந்திர இணைப்பு. வளைந்து உருண்டு, ஒன்றுக்கொன்று உயரம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஒரு ஆசாரி கையால் சேர்த்தது. அந்த வேலைக்கு மதிப்பு உண்டு, சாயம் போட்ட மரமாக இருந்தாலும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறைக்கு எடுத்து வாருங்கள், லென்ஸ் என்னிடம் இருக்கிறது.