1600கள்ல இருந்த ஐரோப்பியப் படைகளோட கொடி, யூனிஃபார்ம் பத்தி தேடணும்னா எங்க ஆரம்பிக்கறது? நெட்ல வர்ற கலர் படங்களை நம்பலாமா?

நம்பலாம், ஆனா வரைஞ்சவர் எதைப் பார்த்து வரைஞ்சார்னு தெரிஞ்ச பிறகுதான். சின்ன சோல்ஜர் பொம்மைகளுக்கு பெயிண்ட் அடிக்கறது எனக்குப் பழக்கம், கலர் சரியா இருக்கணுமேன்னு தேடப் போய் இப்ப பெயிண்ட்டை விட தேடறதுதான் பிடிச்சுப் போச்சு, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

சுத்திட்டு இருக்கற படங்கள்ல நிறைய ரொம்பப் பின்னாடி வந்தது. ரிச்சர்ட் க்னோட்டல்னு ஒரு ஜெர்மன் ஓவியர் 1890ல ஆரம்பிச்சு ஆயிரம் பிளேட்டுக்கு (அதாவது முழுப்பக்க கலர் படம்) மேல போட்டார், பிரமாதமான உழைப்பு, மதிக்கறேன். ஆனா 1630ல சண்டை போட்ட சிப்பாயை வரையறப்போ நடுவுல 250 வருஷம் ஓடிடுச்சு இல்லையா. அதனால படத்தைப் பார்த்ததும் கலரைப் பிடிச்சுக்காம, இது எந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு), எந்த வருஷம், ஆதாரம் என்னன்னு மூணையும் கேளுங்க.

ஏன்னா 1600களோட முதல் பாதில "சுவீடன் யூனிஃபார்ம் என்ன கலர்"ங்கற கேள்விக்கே பதில் கிடையாது. படை முழுக்க ஒரே உடைங்கறது அப்ப இல்ல, ஒவ்வொரு ரெஜிமென்ட்டுக்கும் கிடைச்ச துணில மொத்தமா கோட்டு தச்சுக் கொடுப்பாங்க, அது கிழிஞ்சா அடுத்தது வேற கலர்லயும் வரலாம். சுவீடன் ராஜா குஸ்தாவ் அடால்ஃப் படைல மஞ்சள் ரெஜிமென்ட், நீல ரெஜிமென்ட்னு இருந்துச்சு, அந்தப் பேரு கொடியோட நிறத்தை வச்சு வந்தது, அதைப் பார்த்துட்டு எல்லாருக்கும் மஞ்சள் கோட்டு மாட்டி விட்டுடக் கூடாது.

அப்ப யார் நம்மாளு யார் எதிரின்னு எப்படி தெரியும்? தோள்ல போடற பட்டை, தொப்பில சொருகற பேப்பர் துண்டு, இலைக்கொத்து, இதுதான் அடையாளம். குஸ்தாவ் அடால்ஃபை எதிர்த்த ஜெர்மன் பேரரசுத் தளபதி வாலன்ஸ்டைன் தன் ஆளுங்களுக்கு சிவப்புப் பட்டைன்னு உத்தரவு போட்டார். இங்கிலாந்து உள்நாட்டுப் போர்ல, 1644 மார்ஸ்டன் மூர் சண்டைல பார்லிமென்ட் தளபதி சர் தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ் எதிரிங்க நடுவுல மாட்டிக்கிட்டார், தொப்பில இருந்த வெள்ளை அடையாளத்தை எடுத்துப் போட்டுட்டு ராஜா படை ஆளு மாதிரி அவங்க ஊடாவே வந்து சேர்ந்துட்டார். பாருங்க, ஒரு தளபதியோட உடையே ரெண்டு பக்கத்துக்கும் பொருந்தற மாதிரிதான் இருந்திருக்கு. எந்த கலர் பிளேட்டும் இதை இவ்வளவு தெளிவா சொல்லாது.

உடைக்கு என்னைக் கேட்டா படத்தை விட கணக்கு நோட்டுதான் பெரிய ஆதாரம். 1645ல உருவான நியூ மாடல் ஆர்மிங்கற பார்லிமென்ட் படைக்குத் துணிமணி வாங்கின ஒப்பந்தங்கள் இன்னும் இருக்கு, படிச்சா அசந்துடுவீங்க. கோட்டு சிவப்பா இருக்கணும், சஃபோக், காவென்ட்ரி, க்ளாஸ்டர்ஷயர் துணியா இருக்கணும், பச்சைத் தண்ணில நனைச்சு சுருங்க விட்ட பிறகுதான் தைக்கணும், நீளம் கிட்டத்தட்ட 29 இஞ்ச், கால்சட்டை சாம்பலோ இல்ல வேற நல்ல கலரோ இருக்கலாம்னு எழுதியிருக்கு. அந்த "வேற நல்ல கலர்"தான் முக்கியம், ஏன்னா படங்கள்ல எல்லாருக்கும் ஒரே சாம்பல் கால்சட்டை போட்டு விட்டுடறாங்க. 1600களோட கடைசிக்கு வந்தீங்கன்னா லண்டன் கெசட் பேப்பர்ல படையை விட்டு ஓடிப்போனவங்களைப் பத்தி விளம்பரம் வரும், கோட்டு என்ன கலர், உள் லைனிங் என்ன கலர்னு போட்டிருப்பாங்க, பிடிச்சுக் கொடுக்கணுமேன்னு எழுதினதால அதுல அலங்காரம் எதுவும் இருக்காது.

கொடி விஷயம் இன்னும் சுவாரஸ்யம். ஒரு படையோட கொடியைப் பார்க்கணும்னா அவங்க நாட்டுல தேடாதீங்க, அவங்களை ஜெயிச்சவன் நாட்டுல தேடுங்க. சொந்த நாட்டுல இருந்தது பயன்படுத்திக் கிழிஞ்சு போயிருக்கும், பிடிபட்டதைத்தான் வெற்றிச் சின்னம்னு பத்திரமா வச்சாங்க. ஜெர்மன் பேரரசுக் கொடி, டேனிஷ், போலந்து கொடி எல்லாம் ஸ்டாக்ஹோம் ஆர்மி மியூசியத்துல ஆயிரக்கணக்குல இருக்கு, நிறைய ஆன்லைன்லயே பார்க்கலாம். அதே சுவீடன் 1709ல பொல்தாவால ரஷ்யாகிட்ட தோத்தப்போ விட்ட கொடிகளைப் பார்க்க செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பீரங்கி மியூசியத்துக்குப் போகணும். பாரிஸ்ல மட்டும் நடந்தது கொடுமை, 1814 மார்ச் 30 ராத்திரி எதிரிப் படை ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இன்வாலிட்ங்கற பழைய சிப்பாய்கள் இல்லத்துல இருந்த சுமார் 1400 கொடிகளை மார்ஷல் செரூரியே எரிக்கச் சொல்லிட்டார், எத்தனை போரோட ஆதாரம் அது, நினைச்சா இன்னும் மனசு ஆறல.

துணி போனாலும் சில சமயம் படம் தப்பிச்சிருக்கும். 1648 பிரஸ்டன், 1650 டன்பார் சண்டைகள்ல இங்கிலாந்து பார்லிமென்ட் தளபதி கிராம்வெல் படை பிடிச்ச ஸ்காட்லாந்து கொடிகளை ஒண்ணொண்ணா வரைஞ்சு ஃபிஷர்ங்கறவர் ஒரு பதிவேடு செஞ்சார், பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. கொடி ஒண்ணும் மிஞ்சல, ஸ்காட்லாந்துக் கொடின்னு இன்னிக்கு நாம வரையறதுல பெரும்பகுதி அந்த நோட்டுலேர்ந்துதான். என் வரைக்கும் இந்த விஷயத்துல அதை மிஞ்ச ஆதாரம் இல்ல, கொடி கண்ணு முன்னாடி இருக்கறப்போ வரைஞ்சது.

நிஜக் கொடியே கிடைச்சாலும் கலரை அப்படியே எடுத்துக்காதீங்க. பச்சைங்கறது நீலத்து மேல மஞ்சள் சாயம் ஏத்தினது, மஞ்சள் சீக்கிரம் வெளுத்துடும், அதனால இப்ப நீலமா தெரியறது அப்ப பச்சையா இருந்திருக்கலாம். கறுப்புச் சாயத்துல இரும்பு இருக்கும், அது பட்டுத் துணியையே அரிச்சுடும், கறுப்புப் பகுதி மட்டும் ஓட்டையா இருக்கற கொடி நிறைய உண்டு.

தேட்றப்போ இங்கிலீஷ்ல "ஃப்ளாக்"னு மட்டும் போடாதீங்க, காலாட்படைக்கு கலர்ஸ், என்சைன், குதிரைப்படைக்கு கார்னெட், ஸ்டாண்டர்ட்னுதான் பழைய ஆவணங்கள்ல இருக்கும். ஜெர்மன்ல ஃபானெ, ஸ்டாண்டார்டெ.

அப்புறம் தேதி. ரெண்டு மியூசியத்துல ஒரே சண்டைக்கு வேற வேற தேதி இருந்தா பதறாதீங்க, காலண்டர் வேற, பழைய ஜூலியன், புது கிரிகோரியன்னு ரெண்டு அப்ப புழக்கத்துல இருந்துச்சு. 1632ல குஸ்தாவ் அடால்ஃப் செத்த லூட்சன் சண்டை சுவீடன்காரங்களுக்கு நவம்பர் 6, எதிர்ப்பக்கத்துக்கு நவம்பர் 16. பொல்தாவா இன்னும் மோசம், ரஷ்யால ஜூன் 27, அப்ப சுவீடன் தனியா ஒரு காலண்டர் வச்சிருந்ததால அங்க ஜூன் 28, இன்னிக்குக் கணக்குல ஜூலை 8. கொடி எந்த சண்டைல பிடிபட்டதுன்னு குறிச்சு வைக்கறப்போ எந்த காலண்டர்னு பக்கத்துலயே எழுதிடுங்க.